ஊருணிக்கு ஓர் உல்லாசப் பயணம்

ஜனங்களுக்குத் தாமாகச் சந்தோஷப்படத் தெரியாது என்பதைச் சர்க்கார் அறுபத்திரண்டாம் வருஷத்தில்தான் கண்டுபிடித்தது. அதுவரை அவரவர் இஷ்டத்துக்குச் சந்தோஷமாக இருந்துவந்தார்கள். தேருக்குப் போனார்கள், கல்யாணத்தில் பந்திக்கு முந்தினார்கள், வேலை இல்லாத நாளில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கினார்கள். இதற்கெல்லாம் ஒரு திட்டம் கிடையாது, புள்ளிவிவரம் கிடையாது, மேற்பார்வை பார்க்க ஓர் அதிகாரி கிடையாது. இதை இப்படியே விட்டுவைப்பது ஆபத்து என்று தோன்றியதால் 'பொதுஜன உல்லாச போர்டு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

போர்டின் பெரிய அதிகாரி ஒருவர் அமெரிக்காவுக்குப் போய்வந்தார். அங்கே பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் பொம்மை ரயிலில் ஏறி, அட்டை மலையைச் சுற்றி வந்து, இறங்கியதும் கை தட்டியதை அவர் தம் கண்ணால் பார்த்தாராம். அதேபோல் ஒரு காட்சிப் பூங்கா நமக்கும் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். எங்கே கட்டுவது? தண்ணீரும் நிழலும் உள்ள இடங்களெல்லாம் ஏற்கெனவே பெரிய மனிதர்களிடம் இருந்தன. ஆட்சேபம் சொல்ல ஆளில்லாத இடமாகத் தேடியதில், நார்த்தாமலைக்குக் கிழக்கே கல்லுக்குடிப்பட்டி அகப்பட்டது. கல்லுக்குடிப்பட்டியில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்வதற்கு ஆட்சேபம் என்று பெயர் கிடையாது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் மூன்று கிணறுகள் உண்டு. மூன்றிலும் உப்பு. மாடுகூட வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிப்பதற்கு என்று இருந்தது ஊர்க் கிழக்கில் உள்ள ஊருணி ஒன்றுதான். மழை பெய்து நிரம்பினால் அடுத்த மழை வரைக்கும் அதை வைத்துத்தான் ஊர் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் அதில் யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை, கால் நனைப்பதுகூட இல்லை. செருப்பைக் கரைக்கு வெளியே விட்டுவிட்டு, கடைசிப் படியில் குந்தி, விரல் நுனி படாமல் குடத்தைச் சாய்த்து மொள்ளுவார்கள். புதிதாக வாழ வந்த மருமகளுக்கு மாமியார் முதலில் சொல்லிக்கொடுப்பது சமையல் அல்ல, இதைத்தான்.

இந்தப் பூங்காவில்தான் ஆவூர் சூசைராஜுக்கு வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டுக் கோயில் வாசலிலும் தபாலாபீஸ் வாசலிலும் மாறி மாறி நின்றுகொண்டிருந்த பையன். உத்தரவில் 'விடுமுறைத் திட்ட அமைப்பாளர், இரண்டாம் கிரேடு' என்று போட்டிருந்தது. அப்பா மரியசெல்வம் வயலிலிருந்து வந்து கை கழுவாமலே அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அது என்னடா வேலை?"

"லீவுல ஊரு சுத்த வர்றவங்க எங்கெங்க போகணும், என்னென்ன பாக்கணும்னு திட்டம் போட்டுக் குடுக்கணும்ப்பா."

"ஏன், அவங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதுன்னு போட்டிருக்கு."

மரியசெல்வத்துக்குத் திருப்தியாக இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது என்றால் வாத்தியார் உத்தியோகத்தில் பாதிதானே!

பூங்காவுக்கு 'ஆனந்தவனம்' என்று பெயர். அதன் ஸ்பெஷல் ஆபீசர் ஆத்மநாதன் முதல் நாள் சூசைராஜை நிற்க வைத்துப் பேசினார். உட்காரச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

"இதோ பாரப்பா, உல்லாசம் என்பது தானாக வருவது அல்ல. மேலிடத்திலிருந்து வர வேண்டும். மேலிடம் எனக்கு அனுப்பும், நான் உனக்கு அனுப்புவேன், நீ ஜனங்களிடம் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு சிந்தினாலும் நீதான் பொறுப்பு."

"சரிங்க சார்."

"நீ சொந்தமாக எங்கேயாவது உல்லாசப் பயணம் போயிருக்கிறாயா?"

"இல்லைங்க சார். வேளாங்கண்ணிக்கு ஒரு தரம் நடந்து போயிருக்கேன்."

"நல்லதாகப் போயிற்று. அனுபவம் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள்."

ஆனந்தவனத்தைச் சுற்றிப் பார்த்த சூசைராஜுக்குத் தலை கிறுகிறுத்தது. கருவேலங் காட்டை வெட்டிய பொட்டலில் சுண்ணாம்பு அடித்த இமயமலை நின்றது. பக்கத்தில் சிமெண்டு யானை. வெயிலில் அதன்மேல் ஏறினால் தோல் கழன்றுவிடும். பொம்மை ரயில் வந்து இறங்கியிருந்தது. தண்டவாளம் வேறு இலாகாவின் பொறுப்பு என்பதால் ரயில் மண்ணில் நின்றது. அதில் ஏறி உட்கார்ந்தால் காவலாளி மதுரைவீரன் வாயாலேயே கூவுவான். அப்புறம் 'மாதிரி கிராமம்'. அதில் சுதைமண்ணால் செய்த விவசாயி ஒருவன், சுதைமண் மாடு பூட்டி, சுதைமண் பல்லைக் காட்டிச் சிரித்தபடி உழுதுகொண்டிருந்தான். அவன் உழுத இடம் பூங்காவுக்காக எடுத்துக்கொண்ட பட்டா நிலம். நிலத்துக்காரரான அழகுமலை அப்போது சாலையில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்.

பூங்கா திறந்தாயிற்று. யாரும் வரவில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பொட்டலுக்கு வெயிலில் நடந்து வந்து ஒரு சிமெண்டு யானையைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சிப்பந்திகளே பாதிப் பேர் பயணிகளாகவும் பாதிப் பேர் சிப்பந்திகளாகவும் நடித்து ஒத்திகை பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டு பிச்சைமுத்து என்பவர் வேலி தாண்டி உள்ளே வந்தார். அவரைப் பிடித்து உட்கார வைத்து மூன்று நாள் குடும்ப விடுமுறைத் திட்டம் போட்டுக் கொடுக்கும்படி சூசைராஜுக்கு உத்தரவாயிற்று. போட்டுக் கொடுத்தான். பிச்சைமுத்து அதை மரியாதையாக வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "ஆட்டைப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றதும் போய்விட்டார். அந்த மாதம் ஆனந்தவனத்துக்கு வந்த உல்லாசப் பயணி அவர் ஒருவர்தான்.

மேலிடத்திலிருந்து காரசாரமாக விளக்கம் கேட்டு வந்தது. ஆத்மநாதன் யோசித்தார். பூங்காவில் ஏரி இல்லாததுதான் குறை என்று முடிவு செய்தார். அமெரிக்காவில் ஏரி இருந்ததாம். உடனே மதில் சுவரை நீட்டி, ஊருணியை உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்கள். ஊரைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் ஊர் ஏதாவது சொல்லியிருக்கும், அதனால் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கல்லுக்குடிப்பட்டிப் பெண்கள் குடத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவள் காத்தாயி. புருஷனை இழந்தவள், களை பறித்துப் பிழைப்பவள், வாய்க்குப் பயப்படாதவள். மதுரைவீரன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு அக்கா."

"எந்த எடுபட்ட பய போட்ட உத்தரவு அது? எங்க ஊருணிக்குப் போக எனக்கு எவன் உத்தரவு குடுக்குறது?"

சத்தம் கேட்டு ஆத்மநாதன் வெளியே வந்தார். அவருக்குக் கோபமே வராது. கோபம் வருவதற்கு எதிரில் இருப்பது மனிதர்கள் என்ற நினைப்பு வேண்டும்.

"யாரம்மா தடுத்தது? இது பொதுஜனப் பூங்கா. உல்லாசப் பயணிகளாக வந்தால் தாராளமாக உள்ளே போகலாமே. டிக்கெட்கூட இலவசம்."

"நாங்க தண்ணிக்கு வந்திருக்கோம்யா."

"அது உங்கள் நோக்கம். இலாகாவின் நோக்கம் வேறு. திட்டம் இல்லாமல் யாரையும் உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை." சூசைராஜின் பக்கம் திரும்பி, "இவர்களுக்கு விடுமுறைத் திட்டம் போட்டுக் கொடு" என்றார்.

சூசைராஜுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். நாலு பேருக்குத் தண்ணீர் கிடைக்க வழி செய்தோம் என்று நினைத்தான். 'அரை நாள் உல்லாசம்: ஏரிக்கரைக் காட்சி' என்று ஒரு திட்டம் தயாரித்து அத்தனை பெண்களையும் அதில் சேர்த்துவிட்டான். தண்ணீர் என்ற வார்த்தையை எங்குமே எழுதவில்லை. எழுதினால் அனுமதி கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். பெண்கள் காலையில் ஒரு நடையும் மாலையில் ஒரு நடையுமாக உல்லாசப் பயணம் வந்து குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

இதன் விளைவு மேலிடத்தையே திடுக்கிட வைத்தது. ஆளே வராத ஆனந்தவனத்துக்கு இப்போது தினமும் நூற்றுக்கணக்கில் பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். அதுவும் வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். ராஜ்யத்தில் வேறு எந்தப் பூங்காவிலும் இப்படி நடந்ததில்லை. 'கிராமப் பெண்களிடையே உல்லாச உணர்ச்சி பெருகிவருகிறது' என்று ஆத்மநாதன் எழுதி அனுப்பினார். பாராட்டுத் தந்தி வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பயணிகள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார்கள்?

குடம் நிரம்புகிற நேரம்தான் தங்கினார்கள். ஆத்மநாதனுக்கு அது அவமானமாகப் பட்டது.

"சந்தோஷம் என்பது அவசரப்படுகிற காரியமா? வந்தார்கள், போனார்கள் என்றால் அதற்குப் பெயர் உல்லாசமா? திட்டத்தை விரிவுபடுத்து" என்றார்.

விரிவுபடுத்தினார்கள். ஊருணிக்குப் போவதற்கு முன்னால் இமயமலையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ரயிலில் ஏறி உட்கார்ந்து, மதுரைவீரன் கூவி முடிக்கும் வரைக்கும் இறங்கக் கூடாது. யானைமேல் ஏறி இறங்க வேண்டும். மாதிரி கிராமத்தில் நின்று விளக்க உரை கேட்க வேண்டும். உரையைச் சொல்வது சூசைராஜ்.

"இவர் விவசாயி. இவர் தம் சொந்த நிலத்தில் மகிழ்ச்சியுடன் உழுகிறார்" என்று அவன் ஒப்பித்தான்.

காத்தாயி இடுப்புக் குடத்தை மாற்றிக்கொண்டு அந்தச் சுதைமண் மனிதனை மேலும் கீழும் பார்த்தாள். "இவருக்கு மட்டும் நெலத்தை விட்டு வச்சிருக்கீங்களாக்கும்? ஏன் தம்பி, சோறு கேக்க மாட்டாருன்னா?"

சூசைராஜ் உரையின் அடுத்த வரிக்குப் போனான். பதில் உரையில் இல்லை.

சுற்றி முடித்து வெளியே போகும்போது வாசலில் இன்னொரு சடங்கு. ஒவ்வொரு பயணியையும் "சந்தோஷமா?" என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் மூக்காயி என்ற பெண்ணின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெந்நீர் போட வேண்டும் என்று காலையில் ஓடிவந்தவளை மலையைச் சுற்றவைத்து, ரயிலில் உட்காரவைத்து, யானைமேல் ஏற்றி இறக்கி, வெயில் உச்சிக்கு வந்த பிறகு வாசலில் நிறுத்தி, "சந்தோஷமா?" என்று கேட்டார்கள்.

"நாசமாப் போக! என்னடா சந்தோஷம்?" என்றாள் மூக்காயி.

விதிப்படி, திருப்தி அடையாத பயணிக்கு மறுபடியும் சுற்றிக் காட்ட வேண்டும். காட்டினார்கள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இரண்டாம் தடவை யானைமேல் ஏறினாள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அங்கே நின்ற இலாகாக்காரர் ஒருவருக்கும் எரியவில்லை, சூசைராஜைத் தவிர. அவனும் வாய் திறக்கவில்லை. மூக்காயி வீடு போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரி உப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பிள்ளையைக் குளிப்பாட்டியிருந்தாள். அன்றிலிருந்து யாரைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்கு முன்பே, "சந்தோஷம், சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். திருப்தி நூற்றுக்கு நூறு ஆயிற்று.

இந்த வேகத்தில் பயணிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டப் போகிறது என்று தெரிந்ததும் மந்திரி நேரில் வருவதாகச் செய்தி வந்தது. லட்சமாவது பயணிக்கு அவர் கையாலேயே மாலை. அப்புறம் ஏரியில் மோட்டார் படகு விடும் விழா. ஆத்மநாதன் நிலைகொள்ளாமல் அலைந்தார். ஊருணிக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. செம்மண் தரையில் நிற்கிற மழைத் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? லேசாகப் பால் கலந்தாற்போல மங்கலாக இருந்தது. ஆத்மநாதனின் அறையில் ஒரு வெளிநாட்டுக் காலண்டர் தொங்கியது. அதில் ஓர் ஏரி, பளிச்சென்று நீலமாக.

"தண்ணீர் என்றால் இப்படி இருக்க வேண்டும். இதைப் போய் மந்திரிக்குக் காட்டுவதா? புதுக்கோட்டைக் கடைவீதியில் வேட்டிக்குப் போடுகிற நீலம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வாங்கிக் கரைத்துவிடுங்கள்."

அன்றுதான் சூசைராஜ் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினான். "சார், அது குடிக்கிற தண்ணிங்க. ஊருக்கே அது ஒண்ணுதாங்க இருக்கு."

"யாரப்பா குடிக்கிறார்கள்?"

"கல்லுக்குடிப்பட்டி ஜனங்க, சார். தெனமும் வந்து மொண்டுக்கிட்டுப் போறாங்களே!"

"அப்படியா? நீதானே திட்டம் போட்டாய்? தண்ணீர் எடுக்க ஒருவராவது வந்ததாக எழுதியிருக்கிறாயா? ஏரிக்கரைக் காட்சி பார்க்க வந்ததாகத்தான் எழுதியிருக்கிறாய். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உல்லாசப் பயணி ஏரித் தண்ணீரைக் குடிப்பானா? சொல்லு."

ஆத்மநாதன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வருத்தப்படாதே. நீலத் தண்ணீரைப் பார்த்தால் அவர்களுக்கும் ஆனந்தமாகத்தான் இருக்கும். அப்புறம் ஒன்று, அன்றைக்கு அந்தப் பெண்கள் பித்தளைக் குடம் கொண்டுவரக் கூடாது. போட்டோவில் கூசும். எல்லோரும் மண்குடம் எடுத்து வரச் சொல். கலையழகோடு இருக்கும்."

அன்று சாயங்காலமே சூசைராஜ் கல்லுக்குடிப்பட்டிக்கு ஓடினான். காத்தாயி வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடிக்குமுன் அவனுக்கு அழுகை முட்டியது.

"ஏன் தம்பி அழுகுறே? நீயா கரைக்கப் போறே?" என்றாள் காத்தாயி.

"என்னாலதானக்கா. தண்ணின்னு நான் எழுதியிருந்தா..."

"எழுதியிருந்தா அன்னிக்கே வெரட்டியிருப்பானுக. விடு. மந்திரி வாராருல்ல? அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லுறேன். மனுசன்தானே, கேக்காமலா போயிருவாரு?"

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். சூசைராஜும் அதை நம்பிக்கொண்டு ஊர் திரும்பினான்.

விழா நாளன்று ஊருணி நீலமாக நின்றது. காலண்டரே தோற்றது. ஆண்கள் கும்பலாக வந்தால் ஒழுங்கு கெடும் என்று போலீஸ்காரர்கள் அவர்களை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பெண்களை மட்டும் மண்குடத்தோடு உள்ளே விட்டு, படிக்கட்டில் இரண்டு வரிசையாக உட்காரவைத்தார்கள். மந்திரியின் காரில் திருச்சியிலிருந்து ஒரு பெட்டி சோடா வந்திருந்தது.

மந்திரி நல்ல பேச்சாளர். "தாய்மார்களே! வறட்சி, வறட்சி என்று சில பேர் கூப்பாடு போடுகிறார்கள். நான் கேட்கிறேன், எங்கே வறட்சி? வறண்ட பூமியிலே யாராவது படகு விடுவார்களா? நாங்கள் விடுகிறோம்! வெள்ளைக்காரன் இருந்தான், உங்களைச் சிரிக்க வைத்தானா? ராஜாக்கள் இருந்தார்கள், உங்களை யானைமேல் ஏற்றினார்களா? நாங்கள் ஏற்றினோம்! உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியாத காலத்தில், அதைத் தெரிந்துகொண்டு செய்கிற அரசு இது!"

பிறகு லட்சமாவது பயணி என்று காத்தாயியை மேடைக்கு அழைத்தார்கள். கணக்குப்படி லட்சமாவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் முன்னால் இருந்தவள் அவள்தான். மாலை போட்டார்கள். அனுபவித்த இன்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"சாமி, அது எங்க ஊருணி" என்று ஆரம்பித்தாள் காத்தாயி. "குடிக்கிற தண்ணி. ஒரு பொம்பளை அதுல காலு நனைச்சதில்ல. அதுல நீலத்தைக் கரைச்சு..."

மைக் நின்றுவிட்டது. அது தானாக நின்றதா, நிறுத்தினார்களா என்று கேட்கிறவர்கள் அரசாங்க விழாவுக்குப் போனதில்லை என்று அர்த்தம். காத்தாயி நிறுத்தவில்லை. தொண்டை நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். எங்கள் பிள்ளைகள் எதைக் குடிக்கும் என்று கேட்டாள். உப்புக் கிணற்றைச் சொன்னாள். மூக்காயியின் பேரப்பிள்ளையைச் சொன்னாள். படகு இஞ்சின் உறுமியதில் ஒன்றும் கேட்கவில்லை. மந்திரி ஆத்மநாதனின் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொல்கிறார்கள்?"

"கிராமிய நடையில் நன்றி தெரிவிக்கிறார்கள்."

மந்திரி நெகிழ்ந்துபோய் மைக்கை வாங்கினார். அவருக்கு அது வேலை செய்தது. "எங்கள் ஊருணி என்று உரிமையோடு சொன்னாரே, அதுதான் ஜனநாயகம்! உங்கள் ஊருணி, உங்கள் படகு! வாருங்கள், முதல் சவாரி உங்களோடுதான்!" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். கடைசிப் படியில் பூட்ஸில் சேறு அப்பிக்கொண்டது. காலைத் தண்ணீருக்குள் விட்டு அலசிவிட்டுப் படகில் ஏறினார். பின்னாலேயே ஆத்மநாதன், அவருக்குப் பின்னால் இலாகாக்காரர்கள், எல்லோரும் செருப்புக் காலோடு இறங்கி ஏறினார்கள். படகு கிளம்பியதும் நீலத்தின்மேல் எண்ணெய் படர்ந்தது.

காத்தாயி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்து மாலையை எடுத்து மூக்காயியிடம் கொடுத்தாள். தன் மண்குடத்தைத் தூக்கி இடது தோளில் வைத்தாள். சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் செய்கிற காரியம் அது. பெண்கள் செய்வதில்லை. செய்ய வேண்டிய ஆண்கள் மதிலுக்கு வெளியே நின்றார்கள். ஊருணிக்கு முதுகைக் காட்டி நின்று, தோளிலிருந்து குடத்தைப் பின்பக்கமாக விட்டாள். படிக்கல்லில் விழுந்து சுக்குநூறாக உடைந்தது. திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக அத்தனை பேரும் குடத்தை உடைத்தார்கள். மூக்காயி மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பாலா நெறைஞ்சியே, பச்சப்புள்ள குடிச்சுச்சே, ஒன்னப் பாடையில வச்சுட்டுப் பல்லக்காட்டிப் போறாகளே..."

மற்றவர்கள் ஒப்பாரியை வாங்கிப் பாடினார்கள். மதிலுக்கு வெளியே அதைக் கேட்ட ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். படகில் இருந்த மந்திரி தொடையில் தாளம் போட்டார்.

"அருமை! இது எந்த வட்டாரத்துக் கலை?"

"இந்த வட்டாரத்துக் கலைதான் சார்" என்றார் ஆத்மநாதன்.

"ஏன் இதை முன்னாலேயே நிகழ்ச்சியில் போடவில்லை? தினசரி நடக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பிரமித்துவிடுவார்கள்."

மறுநாளே உத்தரவு தயார். 'குடம் உடைக்கும் கிராமிய நடனம், தினமும் மாலையில்.' ஆள் ஏற்பாடு செய்வது விடுமுறைத் திட்ட அமைப்பாளரின் பொறுப்பு. சூசைராஜ் போனபோது கல்லுக்குடிப்பட்டியில் மூன்று வண்டிகள் பூட்டி நின்றன. பாத்திரம், பாய், கோழிக்கூடு எல்லாம் ஏறியிருந்தன. மூக்காயி மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் இருந்தாள். குளத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் அங்கிட்டுப் போனார்கள். இல்லாதவர்கள் தண்ணீர் இருக்கிற பக்கமாகப் போனார்கள். சூசைராஜ் உத்தரவைச் சொல்லவே கூசினான். காத்தாயியே கேட்டு வாங்கினாள்.

கேட்டுவிட்டு அவள் கத்தவில்லை. "தம்பி, ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் கொடம் ஒடைப்போம். தெனமும் ஒடைக்கணும்னா தெனமும் ஒரு சாவு வேணும். ஒங்க ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

சூசைராஜ் திரும்பி வந்து, ஒரு வார்த்தை மாற்றாமல் ஆத்மநாதனிடம் சொன்னான். அவருக்கு உறைக்கும் என்று நினைத்தான். இருபது வயதில் அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றும். ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"தினமும் என்பது கஷ்டம்தான். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து ஊர்களில் வயதானவர்கள், நோயாளிகள் இருப்பார்களே? விசாரித்து, வரிசையாகப் பெயர் எழுதி ஒரு திட்டம் போட்டு வை."

சூசைராஜ் அவரையே பார்த்தான். அவர் விளையாடவில்லை.

"மொத வாரத்துக்கு ஒங்க பேரைப் போட்டுரட்டுமா சார்?"

எந்த விழாவிலும், எந்த அழைப்பிதழிலும், எந்தக் கல்வெட்டிலும் தம் பெயர் முதலில் வருவதுதான் வழக்கம் என்பதால் ஆத்மநாதன், "போடு, போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

சூசைராஜ் போட்டான். அதைக் கையெழுத்துக்கு வைத்துவிட்டு, வண்டிகள் போன பக்கமாக வேகமாக நடந்தான்.